காண்டீபனின் வயிற்றில் பற்றிய தீ

மலை அடிவாரத்தில், ஏரிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஏரிக்கோட்டைமேட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு கிடையாது. துணி காயும் கொடியில் ஒரு பச்சை பனியனாவது தொங்காத வாசலை நீங்கள் பார்க்க முடியாது. எங்கள் ஊர் நாய்கள்கூட பூட்ஸ் சத்தத்துக்குப் பேசாமல் படுத்திருந்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்டால்தான் எழுந்து குரைக்கும். அப்படிப்பட்ட ஊரில் பஞ்சர் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த காண்டீபனுக்கு, தம்பி தணிகைவேலுக்கு வீரப் பதக்கம் அறிவித்த அன்று காலை, வயிற்றில் தீப்பிடித்துக்கொண்டது.

அவன் அப்போது ஒரு மொபெட் டியூபை மடியில் போட்டு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். எதிர்க் கடை டிவியில் தம்பியின் பெயரைச் சொன்னார்கள்; பனிமலையில் கூடாரத்தோடு புதைந்துபோனவர்களைத் தனி ஆளாகத் தோண்டி உயிரோடு எடுத்தவன் என்று சொன்னார்கள்; டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். காண்டீபனும் தட்டினான். தட்டிக்கொண்டிருக்கும்போதே மடியிலிருந்த டியூப் இளகி, வேட்டியோடு ஒட்டி, கறுப்பாக வழிந்தது. சட்டையில், தொப்புளுக்கு மேலே, அப்பளம் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால், தோலுக்கு அடியில், ஊதிவிட்ட கரி மாதிரி சிவப்பாக ஒன்று கனிந்துகொண்டிருந்தது.

சோறு எடுத்துக்கொண்டு வந்த அவன் மனைவி அம்சவேணி தெருமுனையிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாங்க, ஏதோ தீயுது?"

"ஒண்ணுமில்ல. வயிறு."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, டியூபைத் தோய்த்துப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு மக் எடுத்து ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி எழுந்து அடங்கியது. தீ அடங்கவில்லை.

ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பழைய போரில் பதக்கம் வாங்கிய சுபேதார் ரத்தினசபாபதி தடியை ஊன்றிக்கொண்டு வந்து, காண்டீபனின் வயிற்றுக்கு நேராகக் கையை நீட்டிச் சூடு பார்த்துவிட்டு, "நான் மெடல் வாங்கியாந்தப்ப எங்க பங்காளி ஒருத்தனுக்கும் இப்டித்தான் லேசா கதகதப்பு இருந்துச்சு. ஆனா இவ்ளோ இல்ல. இவன் கூடப் பொறந்தவன் இல்லியா?" என்று சொல்லிவிட்டு, கிட்டே குனிந்து ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனார். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வைத்த தெர்மாமீட்டர் பட்டென்று வெடித்தது. அவர் வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் வெள்ளை மருந்தைக் கொடுத்து, காரம் சேர்க்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அது ஐப்பசி மாதம். மழை விட்டபாடில்லை. முதலில் பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் கூச்சத்தோடு, காயாத வடகத்தை முறத்தில் கொண்டுவந்து கடை பெஞ்சில், காண்டீபனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் மிளகாய் வந்தது. அதற்கு மறுநாள் லீவு முடிந்து ரயிலேறவேண்டிய ஒரு சிப்பாயின் ஈர யூனிஃபார்ம் வந்தது, அப்புறம் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர்த் தவலை வந்தது, தெருப் பூனைகள் எல்லாம் வந்து அவன் காலடியில் சுருண்டுகொண்டன, கடைக்குக் காற்றடிக்க வருகிறவர்கள் காற்றடித்த பிறகும் போகாமல் குளிர் காய்ந்தபடி நின்று பேசினார்கள். பஞ்சர் ஒட்டுவதும் சுலபமாகிவிட்டது. ஒட்டுத் துண்டை டியூபில் வைத்து வயிற்றோடு ஒரு அழுத்து அழுத்தினால் போதும், ஜென்மத்துக்கும் பிரியாது. தெரியாமல் தொட்டவர்களுக்குக் கொப்புளம் வந்தது. அவர்களும் அவனைத் திட்டவில்லை, அடுப்பைத் தொட்டவர்கள் அடுப்பைத் திட்டுவார்களா?

காண்டீபனுக்கு வலித்ததா என்றால், வலித்தது. பாய் கருகிவிடும் என்று வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தான். உட்கார்ந்தால் எரிந்தது, நின்றால் எரிந்தது, யாராவது "தணிகைவேலு" என்று ஆரம்பித்தால் கொழுந்துவிட்டு எரிந்தது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி இரண்டு பேரும்தான் ஆளெடுப்புக்குப் போனார்கள். ஏரிக்கரையில் தம்பியை ஓடவிட்டுப் பழக்கியவன் காண்டீபன். அன்றைக்கு மைதானத்தில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனும் காண்டீபன்தான். ஆனால் மார்பளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்தும் அவன் மார்பு விரியவேண்டிய அளவு விரியவில்லை. "அடுத்த ஆள்" என்றார்கள். அடுத்த ஆள் தணிகைவேல். அவனுக்கு விரிந்தது. அன்றைக்குத் திரும்பி வந்து, அடுத்தவர் டியூபுக்குக் காற்றடிக்கும் கடையைப் போட்டு உட்கார்ந்தவன்தான் காண்டீபன். இத்தனை வருஷமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தம்பி லீவில் வந்தால் கோழி அடித்துப் போடுவான், தம்பி கொண்டுவரும் போர்வையை எல்லோருக்கும் காட்டுவான். அவனுக்குள்ளே இவ்வளவு விறகு அடுக்கியிருந்தது என்பது எங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

"அவுரு உங்க தம்பிதானே?" என்று ஒருநாள் அம்சவேணி கேட்டாள். "ஒரே வயித்துல பொறந்தவருக்குப் பேரு வந்தா உங்களுக்கு ஏன் எரியணும்?"

"தம்பிதான். அதனாலதான் எரியுது. எவனோ ஒருத்தனா இருந்தா எனக்கின்னா?" என்றான்.

தை பிறந்ததும் டில்லியில் பதக்கம் குத்திக்கொண்டு, நீண்ட லீவில் தணிகைவேல் ஊருக்கு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மேளம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியோடு வரிசையில். ஊரே கையை நீட்டியது. அவனோ இரண்டு கையையும் ஜெர்கின் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினான்.

"பாத்தியா, கைய வெளிய எடுக்கமாட்டேங்கறான்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "ஆபீசராட்டம்!"

காண்டீபனின் வயிறு அன்றைக்குப் புகைந்தது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். யார் முன்னாலும் தம்பி கையைப் பாக்கெட்டிலிருந்து எடுப்பதே இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். 'நம்ம கூட உக்காந்து தின்னக்கூட கௌரவம் இடம் குடுக்கலபோல' என்று காண்டீபன் நினைத்துக்கொண்டான், நினைத்த மாத்திரத்தில் அவன் சாய்ந்திருந்த கதவுச் சட்டம் கருகியது. பெண் கொடுக்கிறோம் என்று எங்கெங்கிருந்தோ காரில் வந்தார்கள். முடிவெட்டுகிறவர் தம்பியை உட்காரவைத்து, வரிசையில் முதலில் வந்த அண்ணனை எழுப்பிவிட்டார். எல்லாவற்றையும்விட, பஞ்சர் காண்டீபன் என்கிற பெயர் போய்விட்டது. பால்காரர்கூட, "மெடல்காரரு அண்ணன் வீடு" என்று சொல்லிப் பால் ஊற்றினார். அப்பாவும் அம்மாவும் வைத்துவிட்டுப்போன ஒரே சொத்து அந்தப் பெயர். அதையும் தம்பி பேச்சுமூச்சில்லாமல் எடுத்துக்கொண்டான் என்று காண்டீபனுக்குப் பட்டது.

"எப்டிடா இருக்கற?" என்று தம்பியைக் கேட்கக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. தம்பியும் அண்ணன் வயிற்றைப் பார்த்தான், ஊரார் சொன்னதையும் கேட்டான். இரண்டு பேரும் ஒரே வீட்டில், எதிரெதிர் சுவரோரமாக நடந்தார்கள்.

மாசி மாதத்தில் ஊர்க் கமிட்டி பாராட்டு விழா வைத்தது. தணிகைவேலுக்கு, சுபேதார் ரத்தினசபாபதிக்கு, போன வருஷம் எல்லையில் இறந்துபோன வேதமாணிக்கத்துக்குக் கொடுத்த பதக்கத்தை அவர் சார்பில் வாங்கிவந்த அவர் மனைவி ரோஸ்லின் மேரிக்கு என்று மூன்று பேருக்கும் மரியாதை. கலெக்டர் வருகிறார், சாமியானாப் பந்தல், மைக் செட், எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அவர்கள் குறித்த தேதி காண்டீபனுடைய பிறந்தநாள்.

அது கமிட்டிக்குத் தெரியாமல் இல்லை. பஸ் ஸ்டாப்பில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் டாங்கிமேல் தணிகைவேல், தலைக்கு மேலே போர் விமானம், பக்கத்தில் ஒரு சிங்கம். அடியில், 'இவண் ஊர்ப் பொதுமக்கள்' என்பதற்கும் கீழே, தபால்தலை அளவு போட்டோவோடு, 'இன்று பிறந்தநாள் காணும் அன்பு அண்ணன் காண்டீபன் அவர்களுக்கும் வாழ்த்துகள்' என்று நல்ல மனசோடுதான் போட்டிருந்தார்கள். கட்டும்போது அந்த ஓரம் கம்பத்தைச் சுற்றி மடங்கிவிட்டது. காண்டீபனுடைய முகத்தில் பாதியும், 'வாழ்த்து' என்கிற சொல்லில் பாதியும் கம்பத்துக்குப் பின்னால் போய்விட்டன.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவனிடம் கமிட்டித் தலைவர் பலராமன் தயங்கித் தயங்கி வந்தார்.

"தப்பா நெனச்சிக்காத காண்டீபா. பந்தலு துணிப் பந்தலு. கலெக்டரு வேற வர்றாரு. நீ கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தின்னா..."

"எவ்ளோ தள்ளி?"

"அந்தத் தண்ணி டேங்க் கிட்ட."

எந்த மலையில் இருந்தாலும், எந்தப் பாலைவனத்தில் இருந்தாலும், பிறந்தநாள் காலையில் தம்பியிடமிருந்து போன் வந்துவிடும். சிக்னலுக்காக எங்கேயாவது பாறைமேல் ஏறி நின்று கத்துவான். இந்த வருஷம் தம்பி பக்கத்து அறையில்தான் இருந்தான். காலையில் எழுந்தான், யூனிஃபார்ம் போட்டான், அண்ணியிடம் சொல்லிக்கொண்டான், கமிட்டி அனுப்பிய ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். ஒரு வார்த்தை இல்லை. அம்சவேணி கிண்டிவைத்த கேசரியை வாயில் வைத்தபோது அது காண்டீபனின் தொண்டைக்குப் போகுமுன்பே கருகியது.

வயிற்றில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் டேங்க் அடியில், இரண்டு பக்கமும் இரண்டு குடம் தண்ணீரோடு அவன் நின்றான். சாக்கு காயக்காய அம்சவேணி ஊற்றிக்கொண்டிருந்தாள். மேடையில் சுபேதாருக்குச் சால்வை போட்டார்கள். ரோஸ்லின் மேரி எழுந்தபோது யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் எழுந்து நின்றார்கள்; அவள் பதக்கத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு தணிகைவேல். கலெக்டர் சால்வையைப் போர்த்திவிட்டு, சிரித்தபடி கையை நீட்டினார். தணிகைவேலின் கை பாக்கெட்டிலேயே இருந்தது. கலெக்டரின் கை காற்றிலேயே நின்றது. கூட்டம் முணுமுணுத்தது.

'கலெக்டருக்கே குடுக்கமாட்டானாமா!' என்று நினைத்த காண்டீபனின் வயிற்றிலிருந்து சாக்கு தீப்பிடித்துக் கீழே விழுந்தது.

அப்போது தணிகைவேல் கைகளை வெளியே எடுத்தான்.

வலது கை விரல்கள் ஈயம்போல நீலம் பாரித்து, மடங்கியபடி விறைத்திருந்தன. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. அந்த வலது கையை இரண்டு கையாலும் பிடித்த கலெக்டர், திடுக்கிட்டு, பிறகு விடாமல் பிடித்துக்கொண்டார். அவ்வளவு குளிர்ந்திருந்தது என்று அவருடைய டிரைவர் பின்னால் எங்களிடம் சொன்னார். பனியைக் கையால் தோண்டியதில் விரல் நரம்புகள் செத்துப்போய், அன்றிலிருந்து எத்தனை கையுறை போட்டாலும், வெந்நீரில் வைத்தாலும், வெயிலில் நின்றாலும் அந்தக் கைகள் சூடேறியதே இல்லையாம். ராணுவ ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தாகிவிட்டதாம். தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனது, விறைத்த கையால் சோற்றை அள்ளமுடியாமல் குனிந்து வாயால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது என்றுதானாம்.

மைக்கைக் கொடுத்தார்கள். அவன் பிடியில் அது நிற்கவில்லை, நழுவி விழுந்து கீச்சென்று கத்தியது. பலராமன் எடுத்து அவன் வாய்க்கு நேரே பிடித்தார்.

"எனக்குப் பேச வராது" என்றான் தணிகைவேல். "வருஷா வருஷம் இந்த நாள்ல ஒரு போன் பண்ணுவேன். இந்த வருஷம் வீட்டுலயே இருந்தேன், ஆனா நேருக்கு நேரா சொல்லத் தைரியம் வரல. மலைமேல இருந்து கத்தறது ஈஸியா இருந்துச்சு." தண்ணீர் டேங்க் பக்கம் திரும்பினான். "எங்க அண்ணனுக்கு இன்னிக்குப் பொறந்தநாளு. என்னை ஓடவெச்சவரு அவருதான். அவருக்குக் கெடைக்கவேண்டியத நான் வாங்கிட்டன்னு எனக்குத் தெரியும். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வாழ்த்து சொல்றது?"

சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினான். சால்வை ஒரு தோளிலிருந்து தொங்கித் தரையில் இழுபட, பதக்கம் வெயிலில் மின்ன, வழிவிட்ட கூட்டத்துக்கு நடுவே தண்ணீர் டேங்கை நோக்கி அவன் நடந்து வருவதைக் காண்டீபன் பார்த்தான். அந்தக் கையைப் பார்த்தான். அப்போதும் அவனுக்கு எரிந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. கலெக்டர் பிடித்த கை, ஊரே எழுந்து பார்க்கும் கை, அந்தக் காயம்கூட அவனுக்குத்தானா என்றுகூட எரிந்தது.

"கிட்ட வராத, சுட்டுடும்" என்றான்.

"சுடட்டும்ணா."

தணிகைவேல் இரண்டு கையையும் நீட்டி, அண்ணனின் வெறும் வயிற்றில், கனிந்துகொண்டிருந்த அந்த வட்டத்தின்மேல் வைத்தான். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கொப்புளம் வரவில்லை. சதை கருகும் வாடை வரவில்லை. தணிகைவேலின் முகம் முதலில் சுருங்கியது, பிறகு குழந்தை முகம்போல அவிழ்ந்தது. நீலம் பாரித்த விரல்களில், நுனியிலிருந்து மெள்ள மெள்ள, ரத்தம் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"தெரியுதுண்ணா" என்றான். "கை இருக்கறது தெரியுது." பிறகு, "பொறந்தநாள் வாழ்த்துக்கள்ணா" என்றான்.

 காண்டீபன் தம்பி கைகளின் மேல் தன் கைகளை வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டான். கலெக்டர் இன்னொரு விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

அதன் பிறகு தினமும் காலையில், பஞ்சர் கடை பெஞ்சில் அண்ணன் சட்டையைத் தூக்கிவிட்டு உட்கார, தம்பி எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கை காய்ந்தான். ஒருமுறை காய்ந்தால் மறுநாள் காலைவரை விரல்கள் மடங்கும், நீளும். கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டான். ஒருநாள் பொத்தான்கூட ஒரே தடவையில் போட்டுக்கொண்டான். வடகம் வைப்பவர்களும் பூனைகளும் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தார்கள்.

ஆனால் பங்குனி முடிவதற்குள் தீ தணிய ஆரம்பித்தது. முதலில் வடகம் காயவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி குறைப்பட்டாள். பிறகு ஒட்டுகள் பிரிந்தன. பீடி பற்றவைக்க வந்த சுபேதார், தீப்பெட்டி கேட்டு எதிர்க் கடைக்குப் போனார்.  தம்பி மறுபடியும் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனதை அம்சவேணி பார்த்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்று கடையில் வந்து நின்றாள்.

"எரியமாட்டேங்குதுடி" என்றான் காண்டீபன். அழுகிற மாதிரி இருந்தான்.

எங்களால் ஆனதை நாங்களும் செய்தோம். கழற்றிச் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸை மறுபடி கட்டி, காண்டீபனைக் கொண்டுவந்து அதற்கு எதிரில் நிறுத்தினோம். அவன் தம்பியின் படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீறான்" என்று சொல்லிச் சிரித்தான். பலராமன், பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்குத் தணிகைவேல் பெயர் வைக்கப்போகிறோம் என்றார். "வைங்க" என்றான். தம்பிக்குக் கார் தரப்போகிறார்களாம் என்று அம்சவேணி தன் பங்குக்குப் பொய் சொன்னாள். "தரட்டும். பஞ்சரானா நான் இருக்கேன்" என்றான். டில்லியில் குதிரை வண்டி வந்ததையும், வெள்ளித் தட்டில் விருந்து வைத்ததையும் தம்பியே சொல்லிப் பார்த்தான். அண்ணன் வாயைப் பிளந்து கேட்டானே தவிர, வயிறு வெதுவெதுப்பைத் தாண்டவில்லை.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், ரோட்டில் ஈ காக்கை இல்லை. தணிகைவேலின் கைகள் அண்ணனின் வயிற்றில் சும்மா கிடந்தன, நகங்கள் மறுபடி நீலமாகியிருந்தன.

"வுடுண்ணா. பழகிடும்" என்றான்.

காண்டீபன் தலையை ஆட்டினான். "அந்த மலைல இன்னாடா நடந்துச்சு?"

"அதான் பேப்பர்ல வந்துச்சே."

"பேப்பர்ல வந்தத படிச்சிட்டேன். நீ சொல்லு."

தணிகைவேல் அதை யாரிடமும் சொன்னதில்லை. பதக்கம் கொடுத்தவர்களிடம்கூட, கேட்டதற்கு ஆமாம் இல்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். ரோட்டைப் பார்த்தபடி ஆரம்பித்தான்.

"கூடாரமே தெரியலண்ணா. எல்லாம் வெள்ளை. க்ளவுஸ் போட்டுக்கினு தோண்டினா எது பனி, எது ஆளுன்னு புரியல. கழட்டிப் போட்டுட்டேன். கை முட்டி வரைக்கும் உள்ள போச்சு. ஒண்ணும் தட்டுப்படல. எல்லாரும் செத்துட்டாங்க, கைய வெளிய எடுத்துடலாம்னு நெனச்சேன். அப்போ உள்ளாற இருந்து யாரோ என் விரலப் புடிச்சாங்க."

"யாரு?"

"தெரியாது. மூஞ்சி தெரியல, சத்தமும் இல்ல. பொறந்த கொழந்தைங்க புடிக்குமே, அப்டி புடிச்சாங்க. இறுக்கி. அந்த நேரத்துல..." அவன் வார்த்தை தேடினான். "நான் எதுக்குப் பொறந்தன்னு அப்போ தெரிஞ்சிடுச்சுண்ணா. அதுக்கப்பறம் கை போனதும் தெரியல, ஒண்ணும் தெரியல."

 காண்டீபன் பனியைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வெள்ளைக்குள் கையை விட்டான், துழாவினான், முகம் தெரியாத ஓர் உயிர் தன் விரலைப் பிடிக்கக் காத்திருந்தான். முப்பத்தாறு வருஷத்தில் அவன் விரலை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. இனிமேலும் யாரும் பிடிக்கப்போவதில்லை. ஈர விறகு பிளக்கிற மாதிரி அவனுக்குள் ஏதோ ஒன்று சடசடத்தது.

"அண்ணா, சூடு ஏறுது" என்றான் தணிகைவேல்.

"ஏறட்டும். எந்த விரலப் புடிச்சாங்க?"

தணிகைவேல் இடது கையைத் தூக்கி, விரல் இல்லாத இடத்தைக் காட்டினான்.

காண்டீபன் அந்த இடத்தையே பார்த்தான். அவன் சட்டையின் மடிப்பு கருகிச் சுருண்டது, பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த பூனை எழுந்து தள்ளிப்போய்ப் படுத்தது. அவன் தம்பியின் கையைப் பிடித்து மறுபடியும் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"அப்பறம்?" என்றான். "சொல்லு. எவ்ளோ நேரம் புடிச்சிக்கினே இருந்தாங்க?"